சுங்கச் சாவடியில் திறந்த டப்பா

என் கணவர் சைகோனில் துணிக்கடை வைத்திருந்தார். மகன் பிறந்தபோது அவர் அங்கே. ஒன்றரை வயதாகியும் பிள்ளை நடக்காமல் நான் தவித்தபோதும் அங்கேதான். பிறகு ஒருநாள் அவன் தானாக எழுந்து நடந்துவிட்டான். ஆனால் அதற்குள் யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். "காலில் குறை இருந்தால் மறைக்காமல் எழுது" என்று கடிதம் வந்தது. குறை ஒன்றுமில்லை என்று பதில் எழுதினேன். தபாலில் சேர்த்த பிறகு, இடது பாதத்தைக் கொஞ்சம் இழுக்கிறானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி சைகோனிலிருந்து விடுமுறைக்கு வந்தார். கையடக்கமான ஒரு சினிமா காமிராவும் கொண்டுவந்திருந்தார்.

"எத்தனை எழுதினாலும் காக்கா நம்பமாட்டாங்க மச்சி. புள்ள நடக்கறதப் படமா எடுத்து அனுப்பிடுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் அண்ணன் காக்கா, அண்ணி மச்சி.

"நானா?"

"எனக்கு நாகூர்ல வேலை இருக்கு. எப்படி எடுக்கணும்னு காகிதத்துல பிரெஞ்சுல போட்டிருக்கு. கன்னியாஸ்திரீங்க பள்ளிக்கூடத்துல படிச்சவங்க நீங்கதானே!"

ஒரே ஒரு படச்சுருள்தான் இருந்தது. காகிதத்தை மூன்று தடவை படித்தேன். என்னைப் பெற்ற உம்மாவைப் படத்தில் நிற்கக் கூப்பிட்டேன்.

"படத்தக் கழுவுவாங்களாமே! எவனோ ஒருத்தன் என் மூஞ்சியத் தண்ணில போட்டு அலசறதுக்கா? போடி" என்று உள்ளே போய்விட்டார்.

முதலில் வெல்வெட் தொப்பி போட்டு மகனை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தேன். அடுத்து அவன் நடக்க வேண்டும். சரியாக வர வேண்டுமே என்று காலையிலிருந்து முற்றத்தில் அவனை நடத்தி நடத்திப் பழக்கியிருந்தேன். அதுதான் தப்பு. காமிரா ஓடத் தொடங்கியதும் களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்து அழுதான். அப்போது அடுத்த வீட்டுக் கோழி ஒன்று குறுக்கே வந்தது. அழுகையை நிறுத்திவிட்டு அதைத் துரத்திக்கொண்டு ஓடினான். தொப்பி ஒரு பக்கம், நழுவும் நிஜார் ஒரு பக்கம். விழுந்தான், எழுந்தான், மறுபடி ஓடினான். நானும் பதறிப்போய்க் காமிராவைக் கண்டபடி திருப்பினேன். நிறுத்தத் தோன்றவில்லை. முகமே தெரியாமல் முதுகாகவே இவ்வளவு சுருள் வீணாகிவிட்டதே என்று அழுகை வந்தது.

அவன் தூங்கியபோது காகிதத்தில் சொன்னபடி சுருளைத் திருப்பிப் போட்டேன். எழுந்தபின் புது ஷூ மாட்டி, என் தாய்மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி நடக்கவைத்து மிச்சத்தை எடுத்தேன். அதுதான் படம் என்று நிம்மதியாக இருந்தது.

எங்கள் ஊரும் புதுச்சேரியும் அப்போது பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தன; நடுவில் இந்திய மண். புதுச்சேரிக்கு பஸ்ஸில் போனால் எல்லையில் இந்தியச் சுங்கச் சாவடி. கேட்பதற்கு முன்பே மூட்டையைத் திறந்து காட்டிவிட்டால் சந்தேகம் வராது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஊறிப்போன பழக்கம். பஸ் நின்றதுமே கைகள் தாமாக முடிச்சை அவிழ்க்கும். மாமாவுடன் போன நானும் பையைத் திறந்தேன், துணிப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதே வேகத்தில் படச்சுருள் டப்பாவையும் திறந்து நல்ல வெயிலில் நீட்டினேன்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது?"

"படச்சுருள்ங்க."

"அத யாரும்மா தொறக்கச் சொன்னது? மூடுங்க, மூடுங்க!"

வெளிச்சம் படக்கூடாது என்று காகிதத்தில் படித்தவளே நான்தான். மாமா டப்பாவைப் பிடுங்கி மூடினார். புதுச்சேரி போய்ச் சேரும்வரை நானே என்னைத் திட்டிக்கொண்டேன்.

ஸ்டுடியோக்காரர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "வெயில் பட்ட வெளிச்சுத்து, அதாவது சுருளோட மேல் சுத்து, போயிருக்கும். இந்தச் சுருள் காமிராவுல ஒரு ஓரமா ஓடி முடிஞ்சதும், திருப்பிப் போட்டா மறு ஓரமா திரும்பி வரும். அதனால படத்தோட தொடக்கமும் முடிவும் ரெண்டுமே வெளிச்சுத்துலதான் இருக்கும். நடுவுல எடுத்தது பிழைக்கலாம்."

நடுவில் இருந்தது கோழிதான்.

கழுவுவதற்குப் பிரான்சுக்கு அனுப்பி, அங்கிருந்து நேராக சைகோனுக்கே போகும்படி முகவரி கொடுத்தோம். நான் அந்தப் படத்தைப் பார்க்கவேயில்லை. ஷூ போட்டு நடந்தது அழிந்துபோயிருக்கும் என்று கணவருக்கு எழுதினேன். பிள்ளை நேராக நடப்பதைக் காட்டாமல் விழுவதைக் காட்டிவிட்டேனே என்று பல இரவுகள் புரண்டேன்.

பதில் வர மாதங்கள் ஆயின. உம்மா பக்கத்தில் உட்கார, நான் படித்தேன். முதலிலும் கடைசியிலும் வெறும் வெள்ளைதானாம். கடையை மூடியதும் தினமும் சுவரில் ஓட்டிப் பார்க்கிறாராம். பக்கத்துக் கடைக்காரர்களும் வந்துவிடுகிறார்களாம். அந்தக் கோழி கடைசியில் அகப்பட்டதா இல்லையா என்று அவர்களுக்குள் ஒரே தகராறாம், உடனே எழுத வேண்டுமாம்.

"புள்ள காலப் பத்தி மாப்பிள்ள என்ன எழுதியிருக்காரு?" என்று உம்மா கேட்டார்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஒண்ணுமே எழுதல உம்மா."

"அப்புறம் ஏன்டி அழுவுறே?"