என் முகத்தோடு வந்தவள்

அன்று காலை என் முகம் கோணியிருந்ததை முதலில் கண்டுகொண்டது என் மடிக்கணினிதான்.

அரியலூரில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் அதற்கென்று ஒரு சின்ன மேசை இருக்கிறது. சென்னையில் உள்ள பதிப்பகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பிழைதிருத்திக் கொடுக்கிறேன். எழுந்ததும் காப்பி டம்ளரோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். திறந்ததும் திரைக்கு மேலே இருக்கும் கேமரா ஒரு கணம் என்னைப் பார்க்கும். பக்கம் தானாக விரியும். கடவுச்சொல் தட்டும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. அன்று அது பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில், அடையாளம் தெரியவில்லை என்று எழுதிக் காட்டியது.

மார்கழி மாதம். சிமெண்ட் ஆலைக்குப் போகிற லாரிகளின் விளக்குகள் மட்டும் பனிக்குள் மிதந்துபோய்க்கொண்டிருந்தன. வெளிச்சம் போதவில்லையோ என்று விளக்கைப் போட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினேன். எல்லாம் பாதித் தூக்கத்தில்தான். சொந்த வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுவதாகச் சில சமயம் கனவு வருமே, அப்படி இருந்தது. பிறகு ஒரு வாய் காப்பி குடித்தேன். அது உதட்டோரம் வழிந்து கழுத்தில் இறங்கியது. எழுந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தேன். இடது பக்கம் முழுவதும் தொய்ந்து இறங்கியிருந்தது. கண்ணை மூடினால் வலது இமை மட்டும் மூடியது.

என் கணவர் ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா என்னைச் சிரிக்கச் சொன்னார், புருவத்தைத் தூக்கச் சொன்னார், கைகளை நீட்டச் சொன்னார்.

"பயப்படாதீங்க, பக்கவாதம் இல்ல. முகத்துக்குப் போற நரம்பு வீங்கியிருக்கு. மெதுவா சரியாயிடும். கண்ணு மட்டும் காயாம பாத்துக்குங்க."

கண்ணில் மருந்துவிட்டுப் பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார்கள். ஒட்டினாலும் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். பகலில் படுத்தால் ஜன்னலின் வெள்ளை, மின்விசிறியின் நிழல், கொடியில் ஆடும் புடவை எல்லாம் கனவுக்குள் வந்துவிடும். நான் வளர்ந்த வீடு கடலுக்கடியில் இருப்பதுபோலவும், மேலே ஏதோ பெரிய மீன் சுற்றிக்கொண்டே இருப்பதுபோலவும் ஒரு கனவு திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் ஊர் மண்ணைத் தோண்டினால் கிளிஞ்சல்கள் கிடைக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல்தான் இருந்ததாம். அதனால் அந்தக் கனவு எனக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லை.

முகம் இல்லாவிட்டால் ரகசிய எண்ணைத் தட்டினாலும் கணினி திறக்கும். வாங்கிய அன்று ஆறு இலக்கத்தில் ஏதோ வைத்தேன். அதற்குப் பிறகு அதற்கு வேலையே வரவில்லை. நினைவுக்கு வந்ததையெல்லாம் தட்டிப் பார்த்தேன். பிறகு முயலுங்கள் என்றது. கணினிக் கடைக்குக் கொண்டுபோனால் சரிசெய்து தருவார்கள் என்று என் கணவர் சொன்னார். இந்த முகத்தோடு கடைத்தெருவுக்குப் போக எனக்கு மனமில்லை. அவர் தானே கொண்டுபோவதாகச் சொன்னதற்கும் வேண்டாம் என்றேன். பாதி திருத்திய புத்தகம் உள்ளே கிடந்தது. நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்தே கிடந்தேன்.

பெரம்பலூர்ப் பக்கம் கல்யாணமாகிப் போன என் சகோதரி செய்தி கேட்டு வந்து சேர்ந்தாள். நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி செய்த தப்புக்கு இன்னொருத்தி அடி வாங்கியிருக்கிறோம். இப்போது அவள் சின்ன வெங்காய விவசாயம் செய்கிறாள். வெயிலில் கறுத்துப்போயிருக்கிறாள். ஒரு பை வெங்காயத்தை இறக்கிவைத்துவிட்டு, என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"பரவால்லடி. நான் என்னமோ ஏதோன்னு பயந்துல்ல வந்தேன்" என்றாள்.

நான் கண்ணுக்கு மருந்துவிடப் பின்பக்கம் போயிருந்தேன். அவள் மேசையைத் துடைக்க உட்கார்ந்தவள், கணினியின் மூடியைத் தூக்கியிருக்கிறாள்.

"ஏண்டி, இங்க வாயேன். இது என்னமோ தொறந்துக்கிச்சு. நான் ஒண்ணுமே அமுக்கல" என்று குரல் கொடுத்தாள்.

போய்ப் பார்த்தேன். நான் விட்ட இடத்தில், விட்ட வரியில், பக்கம் விரிந்திருந்தது. திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்திருந்தது. இரண்டு கண்களும் ஒன்றுபோல் இமைத்தன. வாய் நேராக இருந்தது. போன வாரம் வரை நான் வைத்திருந்த முகம். என்னை அழைத்தபடி என் நாற்காலியில் அது உட்கார்ந்திருந்தது. நான் அழுதேன். இடது கண்ணில் ஏற்கெனவே ஓயாமல் நீர் வழிந்துகொண்டிருந்ததால், நான் அழுவது அவளுக்கு உடனே தெரியவில்லை.

அதன்பின் அவள் எங்களோடு தங்கியிருந்த நாட்களில் ஒவ்வொரு காலையும் அவள்தான் கணினியைத் திறந்துவிட்டாள். நடுவில் நான் கண்ணயர்ந்தால் அதுவும் பூட்டிக்கொள்ளும்.

"வாடி, மூஞ்சியக் காட்டிட்டுப் போ" என்பேன். அவள் கரண்டியும் கையுமாக வந்து குனிந்து பார்த்துவிட்டு அடுப்புக்குத் திரும்புவாள். வலது கண்ணால் மட்டும் படித்து மெல்ல மெல்லப் புத்தகத்தைத் திருத்தினேன். எழுத்துகள் சில சமயம் நீருக்கடியில் கிடப்பவைபோல் அசைந்தன.

வெங்காயம் பிடுங்க ஆள் கிடைத்துவிட்டது என்று அவள் வீட்டிலிருந்து போன் வந்தது. அவள் போயே ஆகவேண்டும்.

"நான் போயிட்டா இத யாரு தொறப்பா? கெளம்பு, கடைக்குப் போயிட்டு வந்துரலாம்."

"இந்த மூஞ்சியோடயா?"

"எனக்கும் அதே மூஞ்சிதான். என்னையப் பாக்கறவங்க பாக்கட்டும், வா."

முந்தானையை இழுத்து வாயை மறைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் பெரம்பலூர்ப் பக்கம் லப்பைக்குடிக்காடு ஊர்க்காரர். என்னைப் பார்த்து எதுவும் கேட்காமல் நாற்காலியை எடுத்துப் போட்டார். என் சகோதரி நடந்ததைச் சொன்னாள்.

"எங்க உம்மாவுக்கும் இப்பிடித்தாங்க வந்துச்சு. இன்ஷா அல்லாஹ், சரியாயிரும்" என்றார். "அந்தக் கேமரா இருட்டுலயும் பாக்குங்க. அதுக்குக் கறுப்பு செவப்புத் தெரியாது, அமைப்பத்தான் பாக்கும். அதான் இவுங்களுக்குத் தொறந்துருக்கு."

என் கைப்பேசிக்கு வந்த எண்ணைக் கேட்டு வாங்கி, மறந்துபோன எண்ணுக்குப் பதிலாகப் புதியதை வைக்கச் செய்தார். அதுவும் மறந்துபோனால் என்று, கைப்பேசியைப் பக்கத்தில் வைத்தாலே போதும் என்ற வழியையும், பென் டிரைவ் மாதிரி செருகுகிற சாவி ஒன்றையும் காட்டினார். நான் கைப்பேசியைத் தொலைப்பவள், சாவியையும் தொலைப்பவள். கடைசியில் விரல் வைக்கிற சின்னப் பொத்தான் ஒன்றைப் பக்கவாட்டில் செருகினார். விரலை வைத்து வைத்து எடுத்தேன். திறந்தது. என் சகோதரியும் தன் விரலை வைத்துப் பார்த்தாள். திறக்கவில்லை.

"ரெட்டையா இருந்தாலும் ரேகை வேறதாங்க" என்றார் அவர்.

அவள் தன் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். ஏமாற்றமா நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மாலையே பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினாள். அவளை ஏற்றிவிட்டு வீடு திரும்பும்போதுதான், வாயை மறைக்காமல் முந்தானையைத் தோளிலேயே விட்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

புத்தகம் முடிந்து சென்னைக்குப் போனது. தை கழிவதற்குள் இமை மூடத் தொடங்கியது. பிறகு உதடு, பிறகு புருவம். சிரித்தால் மட்டும் இன்னும் ஒரு பக்கம் சற்றுப் பின்தங்கி வருகிறது.

மாசியில் ஒரு நாள் அவள் வெங்காயக் காட்டுக்குப் போயிருந்தேன். பிந்தி நட்ட பகுதியில் பிடுங்கிய வெங்காயம் வரப்போரம் இளஞ்சிவப்பாகக் குவிந்து கிடந்தது. அந்த நெடி காற்றில் நின்றது. காய்ந்த வெங்காயத்தைச் சேமித்துவைக்கும் மூங்கில் பட்டறை பக்கத்தில் இருந்தது. என் சகோதரி தூரத்தில், கிணற்றடியில் இருந்தாள். வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்த பெண் ஒருத்தி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"யக்கா, இந்தக் குமிய பட்டறையில ஏத்திரலாமா?"

நான் கிணற்றடியைப் பார்த்தேன். பிறகு குவியலைப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்துதான் இருந்தது.

"ஏத்துங்க" என்றேன்.