இறக்கவில்லை என்பதை அறியேன்

பாக்கியரத்தினம் மாஸ்டரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒரே ஒரு வசனத்தால் என் அக்காவுக்கு வீடு கிடைக்காமல் செய்த மனிசன் அவர்.

அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு அவருடையது. பெண்சாதி, பிள்ளை ஒன்றும் இல்லை. கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போனவன். வெளியில் ஷெல் விழும், கடையில் மண்ணெண்ணெய் இருக்காது. இவர் கதிரையில் இருந்து கொப்பி கொப்பியாக எழுதித் தள்ளுவார்.

"என்ன மாஸ்டர் எழுதுறியள்?" என்று ஒருநாள் வாயைக் கொடுத்துவிட்டேன்.

"எண்களைப் பற்றிக் கதைக்க ரெண்டு பேச்சு இருக்கு, தம்பி. ஒரு பகுதியார் 'இப்பிடியொரு எண் இருக்கு' எண்டால் அதை எடுத்துக் காட்டோணும். மற்றப் பகுதியார் காட்டமாட்டினம். 'அந்த எண் இல்லையெண்டால் கணக்கு முட்டுப்படும், ஆனபடியால் இருக்கு' எண்டு முடிச்சுப்போடுவினம். முதல் ஆக்களின்ர வசனத்தை மற்ற ஆக்களின்ர பேச்சுக்கு மாத்துறன். துண்டு துண்டா 'எண்டு அறியலாம்' எண்டதைச் சேர்த்தால் கருத்துக் கெடாமல் மாறும்."

"மாத்தி?"

"ரெண்டு பேரும் ஒராளை ஒராள் விளங்கலாம்."

"சண்டை வெளியில நடக்குது, மாஸ்டர். எண்ணுக்குள்ள இல்லை."

"ஓம்," என்றுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். இதற்கு ஓய்வூதியம் வேறு.

தொண்ணூறாம் ஆண்டு ஆமியின் சுற்றிவளைப்பில் என் அக்கா இராசமலரின் புருஷன் சின்னராசாவை லொறியில் ஏற்றினார்கள். அதே லொறியில் மாஸ்டரும் போனார். மூன்றாம் நாள் மாஸ்டர் திரும்பி வந்தார். அத்தான் வரவில்லை.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு, எரிந்த வீடுகளைக் கட்டித்தர ஒரு திட்டம் வந்தது. அக்காவின் வீடும் எரிந்ததுதான். வீட்டு வளவு அத்தான் பேரில். அவர் இறந்துவிட்டார் என்று இரண்டு சாட்சி கேட்டார்கள். ஒன்று நான். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்தேன். மற்றது, லொறியில் கூடப் போனவர்.

மாஸ்டர் படிவத்தை மூன்று தரம் வாசித்தார்.

"என்னை இடையில ஒரு காம்பில இறக்கிவிட்டவங்கள். லொறி அவரோட போயிட்டுது. பிறகு நான் காணேல்லை."

"அதுதான் செத்திட்டார் எண்டுறம்."

"வேற விதமா இருக்கேலாது எண்டதை வச்சு எழுத ஏலாது, தம்பி. சாட்சி எண்டால் கண்டிருக்கோணும்."

"அதை உங்கட எண்ணுக்குச் சொல்லுங்கோ. இது மனிசன்."

"மனிசன் எண்டபடியால்தான்."

அச்சுப்போன்ற எழுத்தில் எழுதித் தந்தார்: 'அவர் இறந்தார் என்பதை நான் அறியேன். அவர் இறக்கவில்லை என்பதையும் நான் அறியேன்.'

கந்தோரில் கிளாக்கர் அரைக்கண்ணால் பார்த்தார். கண் 'இறக்கவில்லை' என்ற இடத்தில் நின்றுவிட்டது. 'உயிருடன் உள்ளார்' என்று பதிந்தார். உயிருடன் உள்ள சொந்தக்காரர் தானே வந்து ஒப்பம் வைக்கவேண்டும் என்றார்கள். அத்தானுக்கு நான் எங்கே போக? வீட்டுப் பட்டியலில் அக்காவின் பெயர் வெட்டுப்பட்டது.

மாஸ்டரின் படலையில் நின்று கத்தினேன். "படிச்சவராம், படிச்சவர். செத்தவனைச் செத்தவன் எண்டு எழுதத் தெரியாது."

"கிளாக்கர் வசனத்தை முழுக்க வாசிக்கேல்லை," என்றார். அவ்வளவுதான் அவருடைய துக்கம். பிறகு நாலு நாள் கந்தோருக்கு நடந்து, கிளாக்கருக்கு அந்த வசனத்தைப் படிப்பித்துப் பார்த்தார். அங்கே சிரித்தார்கள். ஒரு பொய்யோடு முடியவேண்டிய அலுவல்.

அக்கா என் குசினிக்குப் பக்கத்து அறையில், பொட்டும் தாலியுமாகவே இருந்தாள். அவளும் அவர் பக்கம்.

"அவர் தெரியாததை எழுதேல்லை. நீ எழுதினனீ. நீ கண்டனியே?"

அதற்கும் சேர்த்து அந்த மனிசனில்தான் எனக்குக் கோபம்.

தொண்ணூற்றேழு மாரியில் மாஸ்டருக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அக்கா கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். சுமந்துகொண்டு போக நான்.

"எனக்கு ஆக்களில்லை," என்றார். "என்ர சாவுக்குச் சாட்சி எண்டு உம்மட பேரைக் குடுத்திருக்கிறன்."

"வேற ஆள் கிடைக்கேல்லையே?"

"நீர் கையெழுத்து வைக்கக் கூச்சப்படமாட்டீர். ஒண்டு மட்டும் கேக்கிறன். இங்க சொல்லுறாக்களின்ர சொல்லைக் கேட்டு வைக்கவேண்டாம். கிட்ட வந்து, என்ர முகத்தைப் பாத்துப்போட்டு வையும்."