வாயைத் திறக்கச் சொன்னவள்

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்த மறு வருஷம், புக்கிட் செலம்பாவுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்தேன். ஆஸ்பத்திரி என்றால் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை, அவ்வளவுதான். மருந்து கொடுக்கவும் புண் கட்டவும் ஒரு டிரஸ்ஸர் இருந்தார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ஆபீஸ் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரிய கிராணியே தோட்டத்துக்குத் துரை. அலமாரியில் உருப்படியாக மிச்சமிருந்தது மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை மட்டும்.

கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் வீட்டுக்கு வீடு மலேரியா. அதனால் கிராணி ஒரு சட்டம் போட்டார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து நிற்கிறவர்களுக்கு மட்டும்தான் மாத்திரை. ரப்பர் பால் வெட்டு நின்றுபோனால் சுங்கைப் பட்டாணியிலிருந்து வரும் ஜப்பான் அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று அவருக்குப் பயம். பிள்ளைகளுக்குக் கிடையாது, முழுகாமல் இருப்பவர்களுக்குக் கிடையாது, வயசானவர்களுக்கும் கிடையாது.

"கையில குடுக்காத, பாசார்ல கொண்டுபோய் வித்துருவாளுங்க. ஒன் முன்னால முழுங்கணும். வாயத் தொறக்கச் சொல்லிப் பாரு" என்று கிராணி என்னிடம் சொல்லியிருந்தார்.

பார்த்தேன். ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது.

என் வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி ஓர் அக்கா இருந்தார். அவருடைய வீட்டுக்காரரைச் சயாமில் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நாலு வயசில் ஒரு பெண் குழந்தை. அதற்குக் காய்ச்சல் என்று ஒருநாள் மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்.

"ஒரே ஒரு மாத்திர தங்கச்சி. பாதியா ஒடச்சுக் குடுத்தாலும் போதும்."

"சட்டத்துல எடம் இல்லக்கா. கிராணி என்னைய வேலைய விட்டே தூக்கிருவாரு."

அவர் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் பெரட்டில் அவர் முறை வந்தது. மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். வலது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது.

"முழுங்குங்கக்கா."

என்னையே பார்த்தார்.

"வாயத் தொறங்க. எல்லாரும் நிக்கிறாங்கல்ல."

தொண்டை ஏறி இறங்கியது. நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு, பால் வாளியை எடுத்துக்கொண்டு தன் மர நிரைக்குப் போனார்.

மூன்றாம் நாள் அந்தக் குழந்தை இறந்துபோனது. நானும் துக்கத்துக்குப் போனேன். அக்கா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னைக் கண்டதும் எல்லோரும் கேட்கிற மாதிரி, ஆனால் சத்தம் போடாமல், சொன்னார்:

"அன்னிக்கு அது பாப்பாவுக்குன்னு வாயில வச்சிருந்தேன்."

விற்கத்தான் ஒளிக்கிறார் என்று நினைத்திருந்தேன். முந்தின நாள் என்னிடமே வந்து கெஞ்சியவர் எதற்காக ஒளிப்பார் என்று ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் இன்னொருத்தி. அத்தனை பேரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நான் கண்டுபிடிக்காமல் விட்ட வீடுகளில் பிள்ளைகள் உயிரோடு இருந்தன.

ஒரு வாரம் கழித்து அக்கா பெரட்டுக்கு வந்தார். மாத்திரையை நீட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

"எனக்குக் காய்ச்சல் இல்ல. யாருக்கு இருக்கோ அவுங்களுக்குக் குடு."

பின்னால் நின்றவளும் அதையே சொன்னாள். அடுத்தவளும் சொன்னாள். வரிசை முழுக்க வாய்கள் மூடியிருந்தன. கிராணி படியிறங்கி வந்து கையை ஓங்கினார். அக்கா நகரவில்லை.

"அடிங்கய்யா. நாங்க விழுந்துட்டா இன்னிக்கு யாரு பால் வெட்டுறது? புள்ளையப் பொதச்சிட்டு வந்து நிக்கிறேன். எனக்கு இனி என்ன இருக்கு?"

அதுவரை கிராணி முன்னால் வாயே திறக்காத டிரஸ்ஸர் அப்போதுதான் பேசினார். "காய்ச்சல் பிள்ளைகிட்டேருந்து பெரியவங்களுக்கும் கொசு கொண்டுவந்துரும்ங்க. பிள்ளைக்குக் குடுக்காம ஆளக் காப்பாத்த முடியாது."

கிராணியின் கை இறங்கியது. அன்றே சட்டம் மாறியது. பெரட்டுக்கு வந்தாலும் வராவிட்டாலும், காய்ச்சல் யாருக்கோ அவருக்கு மாத்திரை. அக்காவின் குழந்தை போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. அந்தச் சட்டம் வெறும் ஒரு வாக்கியம். அதை மாற்ற அவ்வளவு நேரம்தான் பிடித்தது என்பது எனக்கு இரண்டாவது அடி.

மாத்திரை எல்லோருக்கும் காணாது என்று டிரஸ்ஸர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். துரை பங்களாவைச் சுற்றியிருந்த சாக்கடைகளுக்குச் சண்டைக்கு முன்னால் கொசு அழிய வாராவாரம் எண்ணெய் ஊற்றுவார்கள். லயத்துப் பின்புறச் சாக்கடையை யாரும் தொட்டதில்லை. அதை நாங்களே வெட்டிவிட்டோம், வீட்டுக்கு ஓர் ஆள், வேலை முடிந்த சாயங்காலங்களில். பங்களாப் புல்தரையைக் கேட்டு வாங்கி மரவள்ளி நட்டோம். அந்தக் கிழங்கு ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்று பேச்சு. பசித்த காலம், ஆனாலும் யாரும் அதில் கை வைக்கவில்லை. அப்படியும் ஆட்கள் செத்தார்கள். முன்னைப்போல் இல்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் கஞ்சி காய்ச்ச வந்தார். தினமும் ஒரே அடுப்படியில் நின்றோம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒருநாள் வாயெடுத்தேன். "கஞ்சி அடிபிடிக்குது, கிண்டு" என்றார்.

ஜப்பான்காரன் போனான். தோட்டத்தின் வெள்ளைக்காரக் கம்பெனி திரும்பி வந்தது. புதுத் துரை வந்த முதல் மாதமே ஆஸ்பத்திரிக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். டிரஸ்ஸர் படித்துச் சொன்னார்: பேர் பதிந்த வேலையாட்களுக்கு மட்டும் மருந்து. அத்தனைக்குப் பிறகும் அதே வாக்கியம், வேறு கையெழுத்தில்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தார். "வா, ஆபீசுக்குப் போலாம்."

போனோம். லயமே பின்னால் வந்தது. பிள்ளைகளுக்கு மருந்து உண்டு என்று துரை ஒத்துக்கொண்டார். வயசானவர்களுக்கு மாட்டேன் என்றார். அதற்கு இன்னும் பல வருஷம் நடக்க வேண்டியிருந்தது.