சாது முயல்

முயலுக்கு எண்ணெய்க் குளியல் போடும் மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. செகந்திராபாத் சைனிக்புரியில் என் கிளினிக்குக்கு வருபவை பெரும்பாலும் நாய்கள். முயல், கிளி, ஆமை என்றால் மற்ற டாக்டர்கள் தொடத் தயங்கி என்னிடம் தள்ளிவிடுவார்கள். அப்படித்தான் குகட்பள்ளியிலிருந்து அந்தக் கோயம்புத்தூர்த் தம்பதி தங்கள் வெள்ளை முயலோடு வந்தார்கள். ஏற்கெனவே ஒருமுறை நகம் வெட்டக் கொண்டுவந்திருந்தார்கள்.

கணவர் மென்பொருள் கம்பெனியில் மேனேஜர். சனிக்கிழமை தவறாமல் முயலுக்கு நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசுகிறாராம். "சூடு தணியுமுங்க" என்று எனக்கே பாடம் நடத்தினார். ரோமம் சிக்குப் பிடித்து, அடியில் தோல் சிவந்து உரிந்துகொண்டிருந்தது. பாதத்தைத் திருப்பினேன். ரோமமே இல்லை, இரண்டு பின்னங்கால்களிலும் புண். கூண்டின் தரை வெறும் கம்பி வலை. புழுக்கை கீழே விழுந்து வீடு சுத்தமாக இருக்குமென்று சொல்லிச் செய்த கூண்டாம். அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

முயல் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது.

"தியானம் பண்ணுதுங்க" என்று சிரித்தார். "ரொம்பச் சாதுங்க டாக்டர். மடியில வெச்சா மணிக்கணக்கா அசையாது."

"எண்ணெய் நக்கோ சார், குளியலும் நக்கோ, ரெண்டுமே வேணாம்" என்று எங்கள் செகந்திராபாத் தமிழில் சொன்னேன். கம்பி மேல் துண்டு விரிக்கச் சொன்னேன். வலிக்குச் சொட்டு மருந்து எழுதினேன். அவருக்கு அதுதான் பிடிக்கவில்லை. தோலுக்கு ஒரு களிம்பு கொடுத்தால் போதும், இத்தனூண்டு பிராணிக்கு வலி மருந்தெல்லாம் அதிகம் என்றார். சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, என் உதவியாளரிடம் தண்ணீர் கேட்டு வாங்கி ஒன்றை விழுங்கினார். டிராஃபிக்கில் வந்ததில் தலைவலியாம். அந்த நிமிடம் அவரை மனதார வெறுத்தேன். அவரைக் கேட்காமலே முயலுக்கு ஊசி போட்டேன். வெளியே போகும்போது மனைவி மட்டும் சொட்டு மருந்துச் சீட்டைப் பேசாமல் எடுத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார்கள். புண் காய்ந்திருந்தது, ரோமம் முளைக்க ஆரம்பித்திருந்தது. நன்றி சொல்வார் என்று எதிர்பார்க்கும் அளவுக்கு நான் முட்டாளில்லை. ஆனால் புகார் சொல்வார் என்று நினைக்கவில்லை. முயல் இப்போது மடியில் நிற்பதில்லையாம். ஹால் முழுக்க ஓடுகிறதாம், தூக்கினால் உதைக்கிறதாம். மணிக்கட்டில் ஒரு மெல்லிய கீறலைக் காட்டினார், ஏதோ தையல் போட வேண்டிய காயம் போல.

"பழையபடி அமைதியா இருக்கறதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்குங்களா?"

"அது அமைதி இல்ல சார், வலி. அசைஞ்சா வலிக்கும்னுதான் அசையாம இருந்துச்சு."

அவர் நம்பாமல் சிரித்தார். படித்த முட்டாளுக்கு எடுத்துச் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

அதுவரை வாய் திறக்காத மனைவி கைபேசியை எடுத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளினார். கணவரின் பிறந்தநாள், பொங்கல், யாரோ விருந்தாளி வந்த நாள். எல்லாவற்றிலும் மடியில் அதே கூனல் முதுகு, அதே பாதிக் கண்.

"எப்ப இருந்துங்க டாக்டர் இதுக்கு வலி?"

பார்த்துச் சொல்லலாமென்று முயலின் கார்டை எடுத்தேன். நாலு மாதத்துக்கு முன் நகம் வெட்டிய நாள். நாலு பாதங்களையும் ஒவ்வொன்றாக இதே கையில் பிடித்திருக்கிறேன். ஐந்தே நிமிடத்தில் முடிந்ததென்று சந்தோஷப்பட்டதுகூட ஞாபகம் வந்தது. கீழே என் கையெழுத்தில் எழுதியிருந்தது: மிகவும் சாது, தொந்தரவே இல்லை.

அந்தம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சரியாகச் சொல்ல முடியாது என்றேன்.