இடி கேட்டால் வெளியே

திருத்தங்கலில் மூடிக் கிடந்த ஓர் அச்சகத்தின் மாடியில் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி வந்தது. வெளிநாட்டுச் சாலைகளின் படங்கள் திரையில் வரும். கார், ஆள், சைக்கிள் என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட வேண்டும். ஓட்டுநர் இல்லாத வண்டிகளுக்கு அதை வைத்துத்தான் பாதை தெரியுமாம். ஒன்பதாம் வகுப்போடு நின்று, திருப்பூர், சூரத் என்று அலைந்துவிட்டு வந்த எனக்கும் அங்கே இடம் கிடைத்தது.

மதினிக்கும் கிடைத்தது. அண்ணன் பட்டாசு விபத்தில் இறந்த பிறகும் அவள் அச்சங்குளத்து ஆலையில் வெடிகளுக்கு மருந்து செலுத்தத்தான் போய்க்கொண்டிருந்தாள். வேறு வேலை இல்லை. திறப்பு நாளில் ஒருவர் நாட்டின் வளர்ச்சி பற்றிப் பேசினார். எனக்கு அது மதினியின் நகத்தில்தான் தெரிந்தது. நகக்கண்ணில் படிந்திருந்த பட்டாசு மருந்தின் அலுமினியப் பவுடர் மெல்லப் போய்விட்டிருந்தது. பேருந்தில் கையை நீட்டி, "பாத்தியா தம்பி, டீச்சர் கை மாதிரில்லா இருக்கு" என்றாள். "இனி அங்கன போகமாட்டேன்."

முதலில் வந்தது சோதனை ஆர்டர். குறித்த நேரத்தில் முடித்தால் கம்பெனி இங்கே நிலைக்கும், நடுவில் யாரும் எழக்கூடாது என்றார் சென்னையிலிருந்து வந்த மேலாளர்.

கடைசி நாள் மதியம் இடி இடித்தது. பட்டாசு ஆலையில் இடி கேட்டால், மின்னலில் மருந்து பற்றிக்கொள்ளும் என்று, கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு வெளியேற வேண்டும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. எங்களில் பெரும்பாலோர் அங்கிருந்து வந்தவர்கள். மதினி எழுந்தாள். பின்னாலேயே எல்லோரும் வெறுங்காலோடு படியிறங்கினோம்.

"எங்கம்மா போறீங்க? இது பட்டாசு கம்பெனி இல்ல" என்றார் மேலாளர்.

"தெரியுது சார். கால் நிக்க மாட்டேங்குது" என்றாள் மதினி.

மரத்தடிக்குக்கூடப் போகாமல் வெட்டவெளியில் நனைந்துகொண்டு நின்றோம். "ஏலே, நீ எந்தக் கம்பெனியில மருந்து செலுத்துன? நீயும் ஓடியாந்துட்ட" என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். சிரித்தோம். திரும்பி வந்தபோது கெடு முடிந்து திரைகள் பூட்டியிருந்தன.

"ஆர்டர் கொடுத்தவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றார் மேலாளர்.

"இடி இடிச்சதுன்னு சொல்லுங்க சார்" என்றாள் மதினி.

ஆர்டர் வேறு நாட்டுக்குப் போனது. மாடி மறுபடி பூட்டப்பட்டது. மதினி அச்சங்குளத்துக்கே திரும்பினாள்.

இப்போது பெங்களூரில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியின் உணவகத்தில் தட்டுக் கழுவுகிறேன். நேற்று இடி இடித்தது. தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒருவரும் எழவில்லை. மதினிக்குப் போன் போட்டேன். வேலை நேரத்தில் அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது தெரியும். இருந்தாலும் மணி அடித்து ஓயும்வரை காதில் வைத்திருந்தேன்.