கதிரையோடு கடலுக்குள் போன நாள்

போன வருடம் பங்குனி மாதம், பேசாலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கடற்கரையில் நடந்தது இது. என் இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், அதை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைக்க ஆஸ்பத்திரியில் திகதி தந்திருந்தார்கள். முதலில் தந்த திகதியை நான்தான் தள்ளிப்போட வைத்தேன். இப்போது இரண்டாவது திகதியும் நெருங்கியிருந்தது. மயக்க ஊசி போட்டால் திரும்ப எழும்பவே மாட்டேன் என்று ஒரு பயம். ஞாயிறுப் பூசையில் முழந்தாளிட முடியாமல், இரவில் புரண்டு படுக்க முடியாமல் கிடந்தாலும், பயம் மட்டும் நல்ல திடகாத்திரமாக இருந்தது.

சத்திரசிகிச்சைக்கு முன் தொடைத் தசையைப் பலப்படுத்த வேண்டுமாம். கட்டிலில் படுத்துக் காலைத் தூக்கினால் உயிர் போய் வரும். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் மிஸ், "அப்ப தண்ணிக்குள்ள நடந்து பாருங்கோ அம்மா, பாரம் தெரியாது" என்றார். மன்னாரில் நீச்சல் குளத்துக்கு எங்கே போவது?

"வீட்டுக்குப் பின்னால இவ்வளவு பெரிசாக் கிடக்கு, இவள் குளம் தேடுறாள்" என்று என் கணவர் சிரித்தார். அவர் மீன்பிடிகாரர். கடல்காரரைக் கட்டி இத்தனை வருடமாகியும், கணுக்காலுக்கு மேல் நான் கடலில் நனைந்ததில்லை.

அன்று காலை அவரிடம் சொன்னேன். "இந்த முறையும் ஏலாது எண்டு பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கோ."

"சரி, சொல்லுறன். அதுக்கு முதல் ஒருக்காத் தண்ணிக்குள்ள இறங்கு" என்றார்.

மணலில் ஊன்றுகோல் புதைந்தது. கரையில் கிழிந்த வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து, பெருநாளில் மாதா சுரூபம் தூக்குகிற மாதிரி, என்னை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, கதிரையோடு தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கினார்கள். "அக்கா, இஞ்ச போதுமோ, ராமேஸ்வரத்தில இறக்கவோ?" என்று ஒருவன் கேட்டான். வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டேன். ஆழம் இடுப்பளவு வந்ததும் என்னைக் கணவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, வெறும் கதிரையோடு கரைக்குத் திரும்பினார்கள்.

கடல் அசையவேயில்லை. வெயில் அடிவரை இறங்கி, என் கால்விரல்களும் அவற்றைச் சுற்றி வந்த சின்ன மீன்களும் தெளிவாகத் தெரிந்தன. ஓரடி வைத்தேன். வழக்கமாகக் குத்துகிற இடத்தில் குத்து வரவில்லை. எங்கேயோ ஒளிந்திருக்கிறது, இப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவேயில்லை. தண்ணீர் மார்பளவு வந்தபோது என் பாரம் முழுவதையும் யாரோ வாங்கி வைத்துக்கொண்டது போல இருந்தது. வானமும் கடலும் ஒரே நிறமாகக் கிடந்தன. கரையின் பேச்சுச் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. நடக்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியாமல் போய்க்கொண்டே இருந்தேன். கண்ணீர் தானாக வழிந்தது.

"பயமாக் கிடக்கோ? திரும்புவமோ?" என்றார் அவர்.

"இல்லையப்பா. நோகேல்லை."

அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். அவர் வாய்க்குள் செபம் சொல்லிக்கொண்டு வருவது அப்போதுதான் என் காதில் விழுந்தது. பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

கரையை நெருங்க நெருங்க நோவு திரும்பி வந்தது. தண்ணீர் முழங்காலளவு குறைந்ததும் பழைய இடத்தில் வந்து குந்திக்கொண்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை காலமும் இதற்குத்தானே வயசு என்று பேர் வைத்துப் பொறுத்துக்கொண்டிருந்தேன்!

பின்னேரம் அவர் போனைக் கையில் எடுத்தார். "என்னெண்டு சொல்ல?"

"ஒண்டும் சொல்ல வேண்டாம். போவம்" என்றேன்.

இப்போது புது மூட்டோடு சந்தைக்கு நடந்துதான் போய் வருகிறேன். பயம் தெளிந்த பிறகா ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்று கேட்பார்கள். எங்கே தெளிந்தது? சத்திரசிகிச்சைக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போதும் நடுங்கிக்கொண்டுதான் கிடந்தேன். ஆனால் நோவில்லாமல் நடந்த அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் வேண்டும் என்ற ஆசை பயத்தைவிடப் பெரிதாக இருந்தது, இன்றைக்கும் எதற்காவது தயங்கி நின்றால் முதலில் என் ஆசையைத்தான் கேட்டுப் பார்க்கிறேன்.