கொழும்பு போய் வந்த வாவிக் கட்டுரை

மட்டக்களப்பு வாவிக் கரையில் ஓர் ஆய்வு நிலையம், அதற்குள் ஒரு சின்ன நூலகம். அங்கே கட்டுரைப் பிரதி எடுத்துக் கொடுக்கும் மேசையில் ஆறு வருடமாக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு உதவும், அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்றார் நூலகர் சேர். அவர் எதிர்பார்ப்பது என் சாதனைகளை. அவை வருடாந்த அறிக்கையில் இருக்கின்றன. இது மற்றது.

1. தேடினால் கிடைக்கும்

தரவுத்தளத்தில் தேடினால் நொடியில் நூறு கட்டுரைகள் வரும். தலைப்பு வரும், சுருக்கம் வரும், கட்டுரை மட்டும் வராது. கல்யாண வீட்டு மதிலுக்கு வெளியே நிற்கிறவருக்குப் புரியாணி மணக்கிற மாதிரி. உள்ளே போய் வாங்கி வருவதுதான் என் வேலை.

ஒரு திங்கட்கிழமை காத்தான்குடி றிஸ்னா வந்தாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணி மாணவி. வாவி இறால் குஞ்சுகள் பற்றி ஆய்வு. அவள் கைக்குழந்தையை உம்மாவிடம் விட்டு வருகிறவள், நான் நாவற்குடாவில் இரண்டு வயது மகளை மாமியிடம் விட்டு வருகிறவள். அதனால் எங்கள் பேச்சு எப்போதும் பிள்ளைக் காய்ச்சலில்தான் தொடங்கும்.

"மிஸ், இந்த ஒண்டு மட்டும்தான் வேணும். முந்தி வாவியில எவ்வளவு குஞ்சு இரிந்திச்செண்டு இதிலதான் இரிக்காம். இதப் பாக்காம எங்கட சேர் கையெழுத்து வெக்க மாட்டாராம். வெள்ளிக்கிழம குடுக்கணும். ரெண்டு தரம் தவணை தந்தாச்சு, இனி இல்லையாம்."

"பயப்படாதீங்க" என்றேன். சொன்ன கையோடு எனக்குப் பயம் பிடித்தது.

எங்கள் கணினிப் பட்டியலில் அந்தச் சஞ்சிகை இல்லை. மூன்று தரம் தேடினேன். அடுப்பை அணைத்தேனா என்று படலையிலிருந்து திரும்பிப் போகிற ஆள் நான். படிவம் நிரப்பி, நூலகர் சேரிடம் கையெழுத்து வாங்கி, கொழும்பிலுள்ள ஒரு பெரிய நூலகத்துக்கு அனுப்பினேன். எல்லாம் முறைப்படி.

2. அரை மணித்தியாலத்தில் பதில்

புதன்கிழமை கொழும்பிலிருந்து எங்களுக்கு ஒரு கோரிக்கை வந்தது. யாரோ ஒரு வாசகருக்குக் கட்டுரை வேண்டுமாம், அது எங்களிடம் இருக்கிறதாம். குறுக்கி எழுதிய சஞ்சிகைப் பெயர், தொகுதி, பக்க எண்கள். பக்க எண்களை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. பார்க்காமல் என்ன? திங்கட்கிழமை எழுதி அனுப்பியதே நான்தான். அது உறைப்பதற்குள் மாமியின் அழைப்பு. "புள்ளைக்கு உடம்பு சுடுகுது. மறுகா என்னைக் குறை சொல்லாத!"

பட்டியலைப் பார்த்தேன். 'எம்மிடம் இல்லை, வருந்துகிறோம்.' அரை மணித்தியாலத்தில் பதில் போய்விட்டது. எங்கள் மேசையின் சரித்திரத்தில் இவ்வளவு வேகத்தை யாரும் கண்டதில்லை. "இப்பிடித்தான் வேல செய்யணும்" என்று சேரே பாராட்டினார்.

வியாழன் காலை றிஸ்னா வந்தாள்.

"வந்திச்சா மிஸ்?"

"இல்லம்மா. கொழும்பில கொஞ்சம் மந்தம்."

 அவள் கதிரையில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. கொழும்புக்குப் போன் போட்டேன். தமிழ் உத்தியோகத்தர் ஒருவர் எடுத்தார்.

"தங்கச்சி, அண்டைக்கே தேடியாச்சு. நாட்டில ஒரே ஒரு நூலகத்திலதான் அது இருக்கு. கேட்டா, இல்லையெண்டு பதில் வந்திருக்கு."

"எந்த நூலகம் ஐயா? நான் பேசுறன். இப்பிடிப் பொறுப்பில்லாத ஆக்கள வெச்சிக்கொண்டு..."

"உங்கட நூலகம்தான். கீழ உங்கட பெயர்தான் கிடக்கு."

நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேனா என்று இன்றும் யோசிக்கிறேன்.

3. மேசைக்குக் கீழே

அது நான் வேலைக்கு வருமுன் எங்கள் நிலையமே வெளியிட்டு, நான்கு இதழோடு நிறுத்திய சஞ்சிகை. சேரிடம் ஓடினேன்.

"அந்தப் பழைய கட்டா? பட்டியல்ல ஏத்தச் சொல்லி உங்கட மேசைக்குக் கீழதானே வெச்சது!"

வைத்திருந்தார்கள்தான், சொல்லத்தான் இல்லை. மண்ணிறத் தாளில் சுற்றிய கட்டு. கர்ப்பமாக இருந்தபோது கால் வீங்க, உயர்த்தி வைக்கச் சொன்னார் மருத்துவமாது. வாகாக ஒன்று கீழே கிடந்தது, வைத்தேன். பிள்ளை பிறந்தது, வீக்கம் வற்றியது, கால் மட்டும் அங்கேயே இருந்தது.

தாளைக் கிழித்தேன். அதே தொகுதி, அதே பக்கங்கள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், ஒரு தரம் போதாதென்று மூன்று தரம். றிஸ்னா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதிலயா மிஸ் கால வெச்சிரிந்தீங்க?"

"சத்தியமாத் தெரியாதும்மா..."

"அல்லாஹ்! நல்லகாலம், அதாலதான் ஆரும் தூக்கிட்டுப் போகல்ல."

போட்டோகொப்பி எடுக்கப் பத்து நிமிடம். வெள்ளிக்கிழமை ஆய்வைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றே செய்தி அனுப்பினாள். கொழும்புக்கு இல்லையென்ற கட்டுரையை அதே வாரம் நாமே வழங்கியதால், அறிக்கையில் மறுத்ததை ஓர் இடத்திலும் வழங்கியதை இன்னோர் இடத்திலும் பதிந்தோம்.

ஆகவே, புதியவர்களே, பட்டியலை நம்புங்கள். ஆனால் 'இல்லை' என்று எழுதுமுன் ஒருமுறை கதிரையை விட்டு எழும்புங்கள்.

அந்த நான்கு இதழ்களும் இப்போது பட்டியலில் இருக்கின்றன. கால் வைக்க ஒரு பலகை வாங்கியிருக்கிறேன். தினமும் காலையில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.